நான்கு இலைகள்

கிளாடியோலஸ் வளர்ப்பவர்கள் முதல் வருஷமே கற்றுக்கொள்ளும் விதி ஒன்று உண்டு. பூந்தண்டை வெட்டும்போது செடியில் குறைந்தது நான்கு இலைகளை விட்டுவிட வேண்டும். ஜாடியில் வைக்கத் தண்டு நீளமாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஆசைப்பட்டு அடியோடு அறுத்தால் அந்தச் செடியின் கதை அத்தோடு முடிந்தது. ஏற்காட்டில் தோட்டவேலை செய்யும் பெரியவர் ஒருவர் இந்த விதியை ஒரே வாக்கியத்தில் சொன்னார்: "பூவ நீங்க எடுத்துக்கங்க சார், எலைய அதுக்கு விட்டுடுங்க."

நியாயமான பங்கீடு மாதிரித்தான் தோன்றுகிறது. ஆனால் அந்த "அதுக்கு" என்ற சொல் என்னை ரொம்ப நாள் விடவில்லை. எதுக்கு? கண்முன் நிற்கும் செடிக்கா? நான் மண்ணில் வைத்த கிழங்குக்கா? அடுத்த வருஷம் எடுக்கப்போகும் கிழங்குக்கா? மூன்றும் ஒன்றுதானே என்று நினைத்தால் கேள்வியே இல்லை. மூன்றும் ஒன்றில்லை என்பதுதான் இந்தச் செடியின் விசேஷம்.

வெங்காயத்தை நறுக்கினால் அடுக்கடுக்காக வரும். அது இலைகளால் ஆன குமிழ். கிளாடியோலஸ் கிழங்கை நறுக்கினால் அடுக்கு கிடையாது, உள்ளே ஒரே சதை. அது பருத்துப்போன தண்டு. மூன்று நான்கு அங்குல ஆழத்தில் நட்டால் தனக்குள் இருக்கும் உணவைச் செலவழித்து முளை விடுகிறது. முளை இலையாகி, இலை வாள் மாதிரி நீண்டு வளர்கிறது. லத்தீனில் கிளாடியஸ் என்றால் வாள், கிளாடியோலஸ் என்றால் சின்ன வாள். செடி மேலே வளர வளர, நட்ட கிழங்கு கீழே சுருங்கிக்கொண்டே போகிறது. அதே சமயம் அதன் தலைமேல், முளையின் அடிப்பாகத்தில், புதிதாக ஒரு கிழங்கு பருக்க ஆரம்பிக்கிறது. பருவம் முடிந்து தோண்டி எடுத்தால் மேலே புதுக் கிழங்கு, அடியில் காய்ந்த வறட்டி போல ஒரு வட்டத் துண்டு. கட்டைவிரலால் லேசாக நெம்பினால் அந்தத் துண்டு விட்டுவரும். நாம் நட்டது அதைத்தான். இரண்டுக்கும் நடுவில் பட்டாணி அளவில் குட்டிக் கிழங்குகள் ஒட்டியிருக்கும். அவை பூக்க இன்னும் இரண்டு மூன்று பருவம் ஆகும்.

இன்னொன்றும் நடக்கிறது. புதுக் கிழங்கு எப்போதும் பழையதன் மேல்தான் உருவாகும் என்றால், வருஷா வருஷம் ஒரு படி மேலேறி ஒரு நாள் மண்ணுக்கு வெளியே வந்துவிட வேண்டுமே? வராது. புதுக் கிழங்கிலிருந்து தடித்த வேர்கள் சில இறங்குகின்றன. அவை சுருங்கும் வேர்கள். கீழே ஊன்றிக்கொண்டு சுருங்கும்போது கிழங்கையும் கீழே இழுக்கின்றன. கிழங்கு புதிது, ஆழம் பழையது.

ஆக, போன பிப்ரவரியில் நான் நட்டது செத்துவிட்டது. இந்த வருஷம் பூத்தது அதன் வாரிசிலிருந்து. "போன வருஷம் பூத்த அதே செடி" என்று தோட்டத்தைக் காட்டிச் சொல்லும் எவரும் கொஞ்சம் பொய்தான் சொல்கிறார்கள். ஆனாலும் பூவைப் பார்த்தால் அது பொய் என்று தோன்றாது. அதே நிறம், அதே மடிப்பு. கிழங்கிலிருந்து வருவது நகல் என்பதால் வித்தியாசமே இருக்காது. பெங்களூரின் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய மீரா என்ற வெள்ளை ரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கெங்கோ தோட்டங்களில் நிற்கும் மீரா செடிகள் எல்லாம் ஆரம்பத்தில் முளைத்த ஒற்றை விதைச்செடியின் தொடர்ச்சி. அந்தச் செடி எப்போதோ மக்கிப்போனது. அது மட்டும் இன்னும் முடியவில்லை.

தத்துவத்தில் இதற்குப் பழைய உதாரணங்கள் இருக்கின்றன. தீசியஸின் கப்பலில் பலகை ஒவ்வொன்றாக மாற்றப்படுகிறது, எல்லாம் மாறிய பிறகு அது அதே கப்பலா என்று கேட்கிறார்கள். மிலிந்த பன்ஹாவில் நாகசேனர் அரசனிடம் இரவு முழுக்க எரியும் விளக்கைப் பற்றிப் பேசுகிறார். முதல் சாமத்துச் சுடரும் கடைசிச் சாமத்துச் சுடரும் அதுவும் இல்லை, வேறும் இல்லை. கிளாடியோலஸ் அந்த விளக்குக்குப் பக்கத்தில் வருகிறது. ஆனால் அந்த உதாரணங்களில் கேட்பவன் பார்வையாளன். கப்பலைப் பார்த்து, விளக்கைப் பார்த்து, இது அதுவா என்று யோசிக்கிறான். தோட்டத்தில் நிற்பவன் கையில் கத்தி இருக்கிறது. இது அதுவா என்பதைவிட, எவ்வளவு வெட்டலாம் என்பதுதான் அவனுக்கு அவசரமான கேள்வி.

ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மே மாதத்தில் வருகிறார்கள். கோடை விழா, மலர்க் கண்காட்சி, ஏரியில் படகு. நட்டதிலிருந்து பூக்க ரகத்தைப் பொறுத்து ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும் என்பதால், மே மாதப் பூவுக்குப் பிப்ரவரியிலேயே கிழங்கு மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். தண்டின் அடியில் ஒன்றிரண்டு மொட்டுகள் நிறம் காட்டும்போது வெட்டினால், ஜாடியில் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக விரியும். வெட்டிய தண்டைப் படுக்கப் போட்டால் நுனி மேல்நோக்கி வளைந்துவிடும், அதனால் நிமிர்த்திவைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். வெட்டின பிறகும் வானம் எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரிகிறது.

பூ போன பிறகு என்ன? ஆறு முதல் எட்டு வாரம் அந்த இலைகள் அங்கேயே நிற்க வேண்டும். அந்த வாரங்களில்தான் புதுக் கிழங்கு பருக்கிறது. பார்க்க அழகே இருக்காது. தலையில்லாத தண்டு, ஓரம் காய்ந்த இலைகள், சாய்ந்த முட்டுக்குச்சிகள். சுற்றுலாக் கூட்டம் இறங்கிப் போயிருக்கும், மழை தொடங்கியிருக்கும். களை எடுக்க வேண்டும், தண்ணீர் தேங்காமல் பார்க்க வேண்டும், முள்ளம்பன்றி கிளறாமல் பார்க்க வேண்டும், காட்டுமாடு மிதிக்காமல் வேலி வேண்டும். இலை மஞ்சளானதும் ஈரம் குறைந்த நாளாகப் பார்த்துத் தோண்டி, நிழலில் உலர்த்தி, பழைய துண்டை நெம்பி எறிந்து, பூஞ்சாணக் கொல்லியில் நனைத்து, திரும்ப உலரவைத்து, வலைப்பையில் போட்டுக் காற்றாடத் தொங்கவிட வேண்டும். அதன் பிறகும் இரண்டு மூன்று மாதம் அது தூங்கும். அவசரப்பட்டு நட்டால் முளைக்காது.

கூட்டிப் பார்த்தால் கிளாடியோலஸ் பராமரிப்பில் பாதி, பூ இல்லாத காலத்துப் பராமரிப்பு. அந்த உழைப்பு யாருக்கு என்பதுதான் விஷயம். நட்ட கிழங்குக்கு இல்லை, அது செத்துக்கொண்டிருக்கிறது. நிற்கும் இலைகளுக்கு இல்லை, அவையும் காயப்போகின்றன. எல்லாம் இன்னும் முழுதாக உருவாகாத ஒன்றுக்காக.

முழுதாக உருவாகாத ஒன்றுக்கு நாம் எப்படிக் கடன்படுவது? டெரிக் பார்ஃபிட் 1984இல் வெளிவந்த 'ரீசன்ஸ் அண்ட் பெர்சன்ஸ்' நூலில் இதை மனிதர்களை வைத்துக் கேட்டார். நாம் இன்று வளங்களைச் சுரண்டித் தீர்த்தால் இரண்டு நூற்றாண்டு கழித்து வருபவர்களின் வாழ்க்கை மோசமாகும். ஆனால் நாம் வேறு மாதிரி வாழ்ந்திருந்தால் வேறு கல்யாணங்கள், வேறு நேரங்கள், வேறு பிள்ளைகள். பிறக்கப்போவது வேறு ஆட்கள். அப்படியென்றால் சுரண்டலால் பாதிக்கப்பட்டவர் என்று யாரைக் காட்டுவது? அவர்கள் பிறந்ததே அந்தச் சுரண்டல் நடந்ததால்தான். தப்பு நடந்திருக்கிறது, ஆனால் புகார் கொடுக்க ஆள் இல்லை. பார்ஃபிட் இதற்கு ஒரு திருப்தியான கோட்பாட்டைத் தேடினார். அந்தப் புத்தகத்தில் அது கிடைக்கவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார்.

"அட, இதுக்கு எதுக்குப் பார்ஃபிட்? அடுத்த வருஷமும் பூ வேணும், அதுக்காகத்தான் நாலு இலை விடறோம், சுயநலம்தானே?" என்று கேட்கலாம். சொந்தத் தோட்டம் வைத்திருப்பவருக்கு இது சரிதான். ஆனால் ஏற்காட்டில் தோட்டம் வைத்திருப்பவரும் தோட்டத்தில் குனிந்து நிற்பவரும் பல இடங்களில் வேறு வேறு ஆட்கள். பங்களாக்கள் கைமாறுகின்றன, எஸ்டேட்கள் விற்கப்படுகின்றன, வாடகைக்கு வந்தவர் காலி செய்கிறார். கூலிக்கு வேலை செய்பவருக்கு அடுத்த மே மாதம் இதே இடத்தில் வேலை இருக்குமா என்றே தெரியாது. எனக்கு விதி சொன்ன பெரியவரும் அப்படித்தான். அந்தப் பூ அவர் வீட்டு ஜாடிக்கும் போவதில்லை. அவர் ஏன் நாலு இலை விட வேண்டும்?

கேட்டேன். "வேற எப்பிடி சார் வெட்டறது?" என்றார்.

இந்தப் பதிலை முதலில் வெறும் பழக்கம் என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். அதில் ஒரு கோட்பாடே இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். கடன் ஆளுக்கு என்று வைத்தால் பார்ஃபிட்டின் சிக்கல் வரும், ஏனென்றால் ஆள் இன்னும் இல்லை. கடன் இடத்துக்கு என்று வைத்தால் சிக்கல் தளர்கிறது. யார் வந்தாலும், எந்தக் கிழங்கு வந்தாலும், அந்த மூன்று அங்குல ஆழம் காலியாகவோ அழுகியோ கிடக்கக் கூடாது. நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். என் தொழிலில் இதன் சின்ன வடிவத்தை தினமும் பார்க்கிறேன். யாரோ வேலையை விட்டுப்போகும் வாரத்தில் உட்கார்ந்து, தான் எழுதிய நிரலின் குழப்பமான பகுதிகளுக்கு விளக்கக் குறிப்பு எழுதிவைக்கிறார். படிக்கப்போகிறவர் இன்னும் வேலைக்கே சேர்ந்திருக்க மாட்டார். சம்பளக் கணக்கு முடிந்துவிட்டது, நன்றி சொல்ல யாரும் இல்லை. ஆனாலும் எழுதுகிறார். அவரைக் கேட்டாலும் இதே மாதிரிதான் சொல்வார் என்று தோன்றுகிறது: வேற எப்படி விட்டுட்டுப் போறது?

இதுவரை சொன்னது அழகான பக்கம். கிழங்கு உணவை மட்டும் அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பதில்லை. நோயையும் கொடுக்கிறது.

ஃபுசேரியம் என்ற பூஞ்சாணம் கிழங்கை உள்ளிருந்து அழுகவைக்கும். வெளியே நன்றாகத் தெரியும் கிழங்கிலும் இருக்கும், மண்ணிலும் வருஷக்கணக்கில் தங்கும். அதனால்தான் போன வருஷம் நட்ட பாத்தியில் இந்த வருஷமும் நடக் கூடாது என்பார்கள். வைரஸ் இன்னும் மோசம். பீன்ஸ் மஞ்சள் தேமல் வைரஸ் கிளாடியோலஸையும் பிடிக்கும். அசுவினி ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிப்போகும். எந்த மருந்திலும் குணமாகாது. கிழங்கோடு கிழங்காக அடுத்த வருஷத்துக்குப் போய்ச் சேரும், நகலோடு சேர்ந்து நகலாகும். சில நேரம் அது பூவில் வெளிப்படும் விதம் விபரீதமானது. ஒரே நிறமாக இருக்க வேண்டிய இதழில் தீற்றல் தீற்றலாக வெளிர்க்கோடுகள் விழும். பார்த்தால் ஏதோ அபூர்வ ரகம் போல இருக்கும். ஹாலந்தில் 1637இல் உச்சத்துக்குப் போய்ச் சரிந்த டூலிப் மோகத்தில் அதிக விலை போனவை இப்படிக் கோடு விழுந்த பூக்கள்தான். அந்தக் கோடுகளும் வைரஸின் வேலை என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் உறுதியானது.

ஏற்காட்டில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வீட்டில் இப்படிக் கோடு விழுந்த சிவப்பு கிளாடியோலஸ் ஒரு பாத்தி இருந்தது. காலமான கணவர் நட்டு ஆரம்பித்த வரிசை அது. கோடு விழ ஆரம்பித்தது அவர் போன பிறகு. டீச்சருக்கு அது ஏதோ சேதி மாதிரி. வருகிறவர்களுக்கெல்லாம் குட்டிக் கிழங்கு கொடுத்துவிடுவார். செடிகள் குட்டையாவதையும் இலையில் தேமல் இருப்பதையும் பார்த்த தோட்டக்காரர்தான் சொன்னார்: "டீச்சர், இது சீக்கு. புடுங்கி எரிச்சிரணும். பக்கத்து வீட்டு பீன்ஸுக்கும் ஏறிக்கும்."

இங்கே நாலு இலை விதி போதாது. அது எவ்வளவு எடுக்கலாம் என்று சொல்கிறது. எதைத் தொடரக் கூடாது என்று சொல்வதில்லை. எனக்குக் கிடைத்ததை அப்படியே அடுத்தவருக்குக் கொடுப்பதுதான் விசுவாசம் என்று நினைத்தால், டீச்சர் செய்துகொண்டிருந்தது விசுவாசம். அவர் கொடுத்த ஒவ்வொரு குட்டிக் கிழங்கிலும் கணவரின் நினைவும் இருந்தது, நோயும் இருந்திருக்கும். வாங்கிப் போனவர்களுக்கு நினைவு தெரியாது. அவர்கள் பங்குக்கு வந்தது நோய் மட்டும். குடும்பங்களிலும் இப்படித்தான் நிறைய கைமாறுகிறது. அப்பாவின் கோபத்தை "எங்க அப்பா மாதிரியே" என்று பெருமையாகச் சொல்கிறவர்களை நமக்குத் தெரியும். சாதியைப் பண்பாடு என்று பையில் போட்டுக் கொடுப்பவர்களையும் தெரியும். கோடு விழுந்த இதழ் அழகாக இருப்பதால் அது நோய் இல்லை என்று ஆகிவிடாது.

டீச்சர் அந்த வருஷம் பிடுங்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து யாருக்கும் கிழங்கு கொடுக்கவும் இல்லை. அடுத்த பருவம் தானே பிடுங்கி, சருகோடு போட்டு எரித்தார். "அவரு இருந்திருந்தா மொத வருஷமே புடுங்கியிருப்பாரு. நாந்தான் ஒரு வருஷம் கடன் வாங்கிக்கிட்டேன் தம்பி" என்றார்.

அந்த ஒரு வருஷம் தப்பா? கறாராகப் பார்த்தால் தப்புதான். அசுவினிக்கு வேலி தெரியாது, பக்கத்து வீட்டு பீன்ஸ் ஒரு வருஷம் கூடுதலாக ஆபத்தில் இருந்தது. ஆனால் அவர் அதைக் கடன் என்றார் என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். துக்கத்துக்கு ஒரு பருவம் எடுத்துக்கொண்டார், அது தன் கணக்கில் ஏறுகிறது என்று தெரிந்தே எடுத்துக்கொண்டார். எடுக்கவே கூடாது என்று சொல்லும் அறத்தைவிட, எடுத்ததற்குக் கணக்கு வைத்துக்கொள்ளும் இந்த அறத்தோடு மனுஷன் வாழ முடியும்.

எடுக்கவே கூடாது என்பது கிளாடியோலஸ் விஷயத்தில் சரியும் இல்லை. பூவைத் தொடாமல் அப்படியே விட்டால் அது காய்த்து விதை வைக்கும். விதைக்குப் போகும் உணவு கிழங்குக்குப் போகாது. அதனால் வெட்டாதவர்களும் பூ வாடியதும் தண்டைக் கிள்ளிவிடுவார்கள். கத்தியைக் கீழே வைத்துவிட்டதால் மட்டும் ஒருவர் நல்ல தோட்டக்காரர் ஆகிவிட முடியாது. கத்தி எந்த உயரத்தில் விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சேர்வராயன் மலையே இந்தப் பாடத்தைப் பெரிய அளவில் வைத்திருக்கிறது. சேலம் கலெக்டராக இருந்த எம்.டி.காக்பர்ன் 1820களில் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம். இன்று தோட்டங்களில் இருக்கும் கிளாடியோலஸின் மூதாதைகளில் பெரும்பாலானவை தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்தவை. காப்பிக்காகக் காடு வெட்டப்பட்டது, அதில் நஷ்டம் யாருக்கு என்று மலையாளிப் பழங்குடிகளைக் கேட்டால் வேறு வரலாறு சொல்வார்கள். ஆனாலும் காப்பிச் செடி வருஷா வருஷம் பறிக்க இடம் கொடுக்கிறது. பழம் போகும், இலை நிற்கும், மிளகுக்கொடி ஏறும், பறவை வரும். இதே மலையின் மேல்தளத்தில் பாக்சைட்டும் வெட்டினார்கள். அது மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனது. பாக்சைட் என்பது பாறை லட்சக்கணக்கான வருஷம் மழையில் ஊறி, கரைவது எல்லாம் கரைந்து, மிஞ்சிய மண். அதை எடுத்தால் அதன் தலைமேல் புதுக் கிழங்கு உருவாகாது. நான்கு இலை விடுவதற்கு வழியே இல்லாத எடுப்பு அது.

இதைச் சொல்லிவிட்டு நல்லவனாக எழுந்துபோக முடியாது. இந்தக் கட்டுரையைத் தட்டச்சு செய்யும் மடிக்கணினியின் உடம்பு அலுமினியம். ஏதோ ஒரு மலையின் மேல்மண். இந்த மலையோ வேறெதுவோ, எனக்குத் தெரியாத ஒரு "அதுக்கு" விட்டிருக்க வேண்டிய பங்கு என் மேஜையில் இருக்கிறது. ஆகவே நான் கேட்டுக்கொள்ளக்கூடிய கேள்விகள் சின்னவை. திரும்ப வளராததிலிருந்து எடுத்த ஒன்றை எத்தனை வருஷம் உழைக்கவைக்கிறேன்? வளர்வதிலிருந்து எடுக்கும்போது எந்த உயரத்தில் வெட்டுகிறேன்? கைக்கு வந்ததில் எதைக் கொடுக்கிறேன், எதை என்னோடு நிறுத்துகிறேன்?

கிழங்குகளை வலைப்பையில் போட்டுத் தொங்கவிடும் முன் ஒரு சீட்டு எழுதிக் கட்டுவது நல்ல தோட்டக்காரர்களின் வழக்கம். ரகத்தின் பெயர், தோண்டிய தேதி, எந்தப் பாத்தி, அங்கே அழுகல் இருந்ததா இல்லையா. எழுதுகிறவருக்கு இதெல்லாம் நினைவில் இருக்கும், அவருக்குச் சீட்டு தேவையில்லை. பையைத் திறக்கப்போவது வேறு யாராகவும் இருக்கலாம் என்பதற்காக எழுதுகிறார். பென்சிலில் எழுதுவது நல்லது. மழைக்கால ஈரத்தில் மை ஊறிக் கலைந்துவிடும்.